மாமா, ரெண்டு கிராஸையும் மாத்தியாச்சு

மாமா,

அம்பாசிடர்ல கியர்பாக்ஸ்லேர்ந்து பின்பக்கம் போய்ச் சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் ஒரு கிராஸ், அதாவது கூட்டல் குறி வடிவ மூட்டு இருக்கும்ல, முன்னாடி, பின்னாடி அந்த ரெண்டையும் இன்னைக்கு மாத்தியாச்சு. தேஞ்சதை மட்டும் மாத்தினா போதும்னு நீங்க சொல்லுவீங்க. ஆனா ரெண்டும் ஒரே ஷாஃப்டுல ஒரே தூரம் ஓடினதுதானே. ஷாஃப்டை இறக்கின பிறகு ஒண்ணை மட்டும் விட எனக்கு மனசு வரலை.

ரிவர்ஸ் போடும்போது 'டங்'னு கேட்டதை, பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற பல்சக்கரப் பெட்டி, டிஃபரன்ஷியல்னு சொன்னீங்க. ஷாஃப்டை டிஃபரன்ஷியலோட போல்டு போட்டுச் சேர்க்கிற பின் ஃபிளாஞ்சை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சு, மறு கையால ஷாஃப்டைத் திருக்கியிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். நடுவுல ஆட்டம் இருந்தா அது கிராஸ்தான். கிராஸ் முனையை மூடுற கப் ஓரத்துல செம்மண் மாதிரி துருப்பொடி வேற கசிஞ்சிருந்துது. பட்டறையில நாலு பேர் முன்னால நான் அதைச் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க. சொல்லாம இருந்திருந்தா டிஃபரன்ஷியலுக்குள்ள போடுற புது கிரவுன் பினியன் பல்சக்கரத்துக்கும் பணம் கொடுத்திருப்பீங்க. அதுக்குப் பிறகு வீட்டுல நடந்ததை இங்க எழுதலை. குழித்துறையிலேர்ந்து குளச்சல் வரைக்கும் நம்ம சொந்தக்காரங்க படிப்பாங்க.

கண்ணுல நிக்கிறது ஆடி மழையில திண்ணையில உக்காந்திருந்த அந்தச் சாயங்காலம்தான். கப்பை உள்ளங்கையில வச்சு, கிரீஸுக்குள்ள நீடில்களை, அந்த ஊசி மாதிரி உருளைகளை, சுண்டுவிரலால ஒண்ணொண்ணா நிமித்தி நிறுத்தினீங்க. "மக்கா, ஒரு நீடில் படுத்தா கப் முழுசா இறங்காது, லாக் காடியில உக்காராது." கப் வெளிய வராம பிடிக்கிற வளையம்தான் அந்த லாக். அந்த விரலை நான் மறக்கலை.

அப்படிச் சொல்லிக் கொடுத்த ஆளு நீங்க. இன்னைக்குப் பின் கப்பைக் கழட்டினா அடியில நீடில் ஒண்ணு படுத்து நசுங்கிக் கிடக்கு. லாக் பாதிதான் உக்காந்திருக்கு. சுத்தியலால அடிச்சு ஏத்தியிருக்கீங்க. ஏன் மாமா? கிராஸோட முனையில வெட்டு விழுந்து, நகத்தை வச்சா மாட்டுது.

நான் சுத்தியலை எடுக்கலை. ஃபிளாஞ்சுலயும் ஷாஃப்டுலயும் பஞ்ச் மார்க் போட்ட பிறகுதான் 4 போல்டையும் கழட்டினேன். வைஸ்ங்கிற இறுக்குப் பிடியில ஒரு பக்கம் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் நுழையுற அளவுக்குப் பெரிய சாக்கெட் வச்சு அழுத்தினேன். கப் உக்காருற கவை இருக்கே, அந்த யோக்கோட காடியை எமரி பேப்பரால தேச்சுத் துடைச்சேன். புது கப்பை ஏத்தும்போது கிராஸைக் கையால தூக்கிப் பிடிச்சு ரெண்டு கப்புக்குள்ளயும் நிறுத்தினா நீடில் சாயாது. லாக் நாலும் உக்காந்த பிறகு கொஞ்சம் இறுக்கமா இருந்துது. யோக் காதுல மெல்லத் தட்டினதும் விட்டுது.

ஷாஃப்டுல பல் பல்லா வெட்டின இணைப்பு, ஸ்ப்ளைனைப் பிரிச்சப்போ குறியைப் பார்த்துத்தான் சேர்த்தேன். ஷாஃப்டோட ரெண்டு யோக்கும் ஒரே வாட்டத்துல இருக்கணும். சாஞ்சு சுத்துற கிராஸ் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் கூட்டுறதைப் பின் கிராஸ் கழிக்கணும். ஒரு பல் மாறினாலும் வண்டி அதிரும்.

நாலு சீல்லயும் எட்டிப் பார்க்கிற வரைக்கும் கிரீஸ் அடிச்சாச்சு. முட்டம் பக்கத்து உப்புக்காத்துக்கும் நம்ம ரெண்டு மழைக்கும் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அடிச்சே ஆகணும். 500 ஓடினதும் ஃபிளாஞ்ச் போல்டை மறுபடி முறுக்கிப் பார்க்கணும். அன்னைக்கு நீங்க வந்து வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. பழைய கப்பைத் துடைக்காம அப்படியே வச்சிருக்கேன்.