நிலவிலிருந்து ஒரு கயிறு

உதகை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே உறைபனி இறங்கத் தொடங்கிவிட்டது. பள்ளத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து கருகுகிறது.

நிலவிலிருந்து கயிறு தொங்கவிட்டுப் பூமியின் பாரங்களைத் தூக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உனக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். கடிதம் வந்ததிலிருந்து காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நிலவு எப்போதும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. சராசரியாக 3,63,000 கி.மீ. வரை நெருங்கி, 4,05,000 கி.மீ. வரை விலகுகிறது. நெருங்கும்போது தரையைத் தொடும் அளவுக்குக் கயிறு விட்டால், இரண்டே வாரத்தில் அதன் நுனி 42,000 கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். மோட்டாரே வேண்டாம். நிலவின் ஓட்டத்திலிருந்தே அந்த ஆற்றல் வரும். இதுவரை உன் யோசனை அருமை.

சிக்கல் சுழற்சியில் இருக்கிறது. நிலவு நம்மைச் சுற்றிவர 27.3 நாள், பூமியோ ஒரே நாளில் தன்னைச் சுற்றிவிடுகிறது. அதனால் கயிற்றின் நுனி நம் தலைக்கு மேல் மேற்கு நோக்கி மணிக்குச் சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் ஓடும். தரையில் நின்று கொக்கி மாட்ட முடியாது. அதே வேகத்தில் மேற்கே பறக்கும் விமானத்திலிருந்து வேண்டுமானால் மாட்டலாம். கான்கார்ட் அதைவிட வேகமாகவே பறந்தது.

இந்தச் சுழற்சியை எவ்வளவு அழகாகச் சமாளிக்கலாம் என்பதற்கு முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியே சாட்சி. நீ வந்தபோது தூரத்திலிருந்து பார்த்தாய். 530 மீட்டர் நீளம். 1970-இல் அதைச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் அமைத்தார்கள். இந்த ஊரின் அட்சரேகையும் அதுவே என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ரேடியோ அலைகளை வீசும் பொருளை, அதாவது ரேடியோ மூலத்தை, மணிக்கணக்கில் பின்தொடரலாம். நிலவு தொலைதூர ரேடியோ மூலங்களை மறைக்கும் கணத்தைப் பிடித்து அவற்றின் வடிவத்தை அளந்தார்கள். நிலவைக் கருவியாக்கிய மலை இது. எனக்கு அதில் பெருமை உண்டு.

சரி, கொக்கி மாட்டியாயிற்று, பாரமும் 42,000 கி.மீ. ஏறிவிட்டது என்று வைத்துக்கொள். அங்கே விட்டால் என்ன ஆகும்? பூமியை நோக்கியே விழும். அந்த உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்க நொடிக்கு 2.9 கி.மீ. வேகம் தேவை, நுனியிடம் இருப்பதோ 0.13 கி.மீ.தான். கயிற்றைப் பற்றி இன்னும் ஏறி, பூமியின் மையத்திலிருந்து 1,60,000 கி.மீ.க்குச் சற்று மேலே போய் விட்டால்தான் பூமியில் மோதாது என்கிறது என் கணக்கு. செயற்கைக்கோளுக்கு வேண்டியது உயரத்தைவிட வேகம்தான்.

கயிற்றின் சொந்த எடையைக் கணக்கிட்டபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதால், நிலவுவரை நீளும் கயிறு முழுவதையும் பூமி இழுக்கும் இழுப்பு, தரையின் ஈர்ப்பிலேயே சுமார் 6,400 கி.மீ. கயிறு தொங்குவதற்குத்தான் சமம். அதாவது பூமியின் ஆரம்! குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழை தன் எடையை மட்டும் தாங்கிக்கொண்டு தொங்கக்கூடிய நீளம் ஏறக்குறைய 250 கி.மீ.தான். ஆகவே தரைவரை விட முடியாது. ஆனால் கயிற்றை 36,000 கி.மீ. உயரத்திலேயே நிறுத்திவிட்டால் அந்த 6,400 கி.மீ. என்ற கணக்கு 1,000 கி.மீ.க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கயிற்றை நடுவில் தடிப்பாகவும் நுனிகளில் மெலிதாகவும் செய்தால் இன்றைய இழைகளே தாங்கும். செஃபைர் பெனாய்ர், எமிலி சாண்ட்ஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டி, ஸ்பேஸ்லைன் என்று பெயரிட்டார்கள். அந்த உயரம் வரை ராக்கெட், அதன்பின் கயிறு. தரையிலிருந்தே தூக்க வேண்டும் என்ற உன் பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடு, மற்றதெல்லாம் நடக்கக்கூடியதே.

ஒன்று கேட்க வேண்டும். ஆழமான கப்பலுக்குள் கொக்கியை இறக்கும்போது இரும்புக் கயிற்றின் எடையையும் பாரத்தோடு சேர்த்துத்தான் கணக்கிடுவீர்களா, அல்லது அதற்கென்று தனி வரம்பு வைத்திருந்தீர்களா? விவரமாக எழுது.

உன்,
மாதவன்