பதாகையில் இன்னொரு பெயருக்கும் இடமிருக்கிறது

காரைக்குடி வட்டாரத்தில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் குரல் சற்று உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு நவீன ஓவியத்தைப் பொருளாக வைத்தது நல்ல காரியம். பதாகையில் கோடு போட்ட பனியனும் முறைக்கும் கண்களுமாகப் பிக்காசோவின் படத்தைப் போட்டு, கீழே 'கியூபிசத்தின் தந்தை' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு பொருளைத் துண்டுகளாக உடைத்து, பல பக்கங்களையும் ஒரே நேரத்தில் காட்டும் ஓவிய முறைதான் கியூபிசம். நன்கொடையாளர்கள் பதினான்கு பேரின் புகைப்படங்களுக்கு இடம் கிடைத்த அந்தப் பதாகையில், அதைப் பிக்காசோவோடு சேர்ந்து உருவாக்கிய பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக்குக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

கியூபிசம் என்ற பெயரே பிராக்கின் ஓவியங்களால் வந்தது. 1908 நவம்பரில் பாரிஸில் கான்வைலர் என்ற வணிகரின் கூடத்தில் பிராக்கின் ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. எல்லாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்கிவிடுகிறார் என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்த ஏச்சுதான் பெயராக நிலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிக்காசோ வரைந்த ஐந்து பெண்களின் பெரிய ஓவியத்தைப் பார்த்து அதிர்ந்துபோன பிறகுதான் பிராக்கின் கை இந்தப் பக்கம் திரும்பியது என்பதும் உண்மை. யார் முதல், யார் அடுத்து என்று பிரிக்கப் போனால் நூல்கண்டு சிக்கிக்கொள்ளும்.

பிராக் மீது எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. மறைப்பானேன், அவர் பெயிண்டர் மகன். அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்கு வர்ணம் அடித்தவர்கள். லெ ஆவ்ர் துறைமுக நகரில் வளர்ந்த பையன் அதே தொழிலைப் பழகினான்: சாதாப் பலகையை உயர்ந்த மரமாகக் காட்டுவது, சுவரைப் பளிங்காகக் காட்டுவது.

என் அப்பாவும் அதே வேலை செய்தவர்தான். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் பர்மா தேக்கு நிற்கும்; பின்கட்டில் சில கதவுகள் நாட்டு மரம். அந்தக் கதவுகளையும் தேக்காக்கித் தரும்படி அப்பாவைக் கூப்பிடுவார்கள். முதலில் வெளிர்மஞ்சளில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயில் தண்ணீர் போலக் கரைத்த பழுப்பு. அது ஈரமாக இருக்கும்போதே தகரச் சீப்பை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இழுப்பார். நடுவில் மணிக்கட்டை லேசாக நடுங்க விடுவார். மரத்தின் ரேகை வளைந்து ஓடும். கட்டைவிரலில் துணி சுற்றி ஒரு திருகு திருகினால் அங்கே ஒரு கணு விழும். நான் அந்தக் கணுவை நகத்தால் பெயர்க்கப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

அதே சீப்பைத்தான் பிராக் ஓவியத் துணிக்குக் கொண்டுவந்தார், பிக்காசோவுக்கும் கற்றுக்கொடுத்தார். 1912 கோடையில் ஒரு கவிஞரின் உருவத்தை வரைந்த பிக்காசோ, மரத்துக்கான அந்தச் சீப்பால் கவிஞரின் தலைமுடியையும் மீசையையும் இழுத்துவிட்டார். தொழிலாளியின் கருவியை அதன் பெயருக்குரிய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்த குறும்பு அது. ஒருவர் கையில் நுட்பம், இன்னொருவர் கையில் துடுக்கு.

அதே ஆண்டு, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைப் பிக்காசோ ஓர் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாகக் கட்டினார். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பின்னல் பிய்ந்த நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். சில மாதங்கள் கழித்து அவிஞோன் நகரில் ஒரு கடையில் மர ரேகை அச்சிட்ட சுவர்க்காகிதம் பிராக்கின் கண்ணில் பட்டது. பிக்காசோ பாரிஸுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, அதன் பிறகே போய் வாங்கினாராம். அதை வெட்டி ஒட்டி அவர் செய்ததுதான் முதல் காகித ஒட்டோவியம். நண்பனிடமும் மறைக்க வேண்டிய தொழில் ரகசியம் உண்டு என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரியும். ஆனால் ரகசியம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உன் முறையைத்தான் இப்போது நான் கையாள்கிறேன் என்று அக்டோபரில் பிக்காசோவே அவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த ஆண்டுகளில் இருவரும் ஓவியத்தின் முன்பக்கத்தில் பெரும்பாலும் கையெழுத்துப் போடவில்லை, போட்டால் பின்பக்கம். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலையேறிய இருவர் போல இருந்தோம் என்று பிராக் பின்னாளில் சொன்னார். நம் இரட்டைப்புலவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கால் இல்லை, மற்றவருக்குக் கண் இல்லை. ஒருவர் வெண்பாவைத் தொடங்க, மற்றவர் முடிப்பார். பாதிப் பாட்டுக்குப் பரிசு கொடுத்தவர் உண்டா?

1914 ஆகஸ்ட் 2 அன்று அவிஞோன் ரயில் நிலையத்தில் பிராக்கைப் போருக்கு வழியனுப்பினார் பிக்காசோ. ஸ்பெயின்காரர் என்பதால் அவருக்கு அழைப்பு இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் பிராக்கின் தலையில் பலத்த காயம். மண்டையோட்டைத் துளைத்துச் சிகிச்சை செய்தார்கள். பிழைத்தார், மீண்டும் வரைந்தார். பழைய நட்பு மட்டும் திரும்பவில்லை. அதன் பின் ஒரு பெயர் உலகமெல்லாம் ஒலித்தது. மற்றது மெல்லிய குரலில் நின்றது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி பிரிந்த பிறகு எந்தப் பெயர் நம் வாயில் அதிகம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பிராக்கைப் பரிதாபத்துக்குரியவராக்க நான் வரவில்லை. லூவ்ர் அருங்காட்சியகத்தின் ஓர் அறைக்கு விதானம் வரைந்தவர் அவர். 1961இல் உயிரோடு இருக்கும்போதே அங்கே அவருடைய படைப்புகளுக்குக் கண்காட்சி வைத்தார்கள். அந்த மரியாதை அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. பாரிஸ் கொடுத்த இடத்தை நம் பதாகை கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

வருத்தம் பதாகையோடு போனால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு மண்டபத்தின் வடக்கு மூலையில் இரண்டு சிறுமிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பு 'எங்கள் வீடு'. ஒருத்தி வளவுத் தூண்களை நிமிர்த்தி நிறுத்திவிட்டாள், தரை வரவில்லை. மற்றவள் ஆத்தங்குடிக் கல்லின் பூக்களை வரிசை பிசகாமல் போட்டிருந்தாள், தூண்கள் சரிந்து கிடந்தன. ஒரு வார்த்தை பேசாமல் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். கால்மணி நேரத்தில் இரண்டு தாள்களிலும் வீடு எழுந்து நின்றது. மேற்பார்வையாளர் வந்தார், 'தனியாக வரைய வேண்டும்' என்ற விதியைக் காட்டினார், இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார். பெரியவள் அழவில்லை. பச்சை மெழுகு வண்ணக்குச்சியை மட்டும் திரும்பக் கேட்டாள், அது சின்னவளுடையதாம்.

அந்த மேற்பார்வையாளரின் மேல் குற்றமில்லை. விதியை எழுதியது நாம். அப்போது நானும் குழுவில்தான் இருந்தேன்.

ஆகவே கேட்கிறேன். பதாகையில் பிராக்கின் பெயரைப் பிக்காசோவுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் சேருங்கள். இந்த ஆண்டு ஒரு பிரிவை இருவர் ஒரு தாளில் வரையும் பிரிவாக வையுங்கள். எந்தக் கோடு யாருடையது என்று நடுவர் கேட்கக் கூடாது. பரிசு ஒன்றுதான், பெயர் இரண்டு. கோப்பை யார் வீட்டில் இருப்பது என்பதை அவர்களே சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளட்டும். அந்த இரண்டு சிறுமிகளுக்கும் முதல் அழைப்பு போக வேண்டும்.

அப்பாவின் தகரச் சீப்பு என்னிடம் இருக்கிறது. விழாவன்று காலை எடுத்து வருகிறேன். மூன்று பற்கள் உடைந்துவிட்டன. பிள்ளைகள் இழுத்துப் பார்க்க மீதி போதும். பழைய கதவுப் பலகை ஒன்றையும் கொஞ்சம் பழுப்பு வர்ணத்தையும் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஓவிய ஆசிரியர்