பை கிழிஞ்சா எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க

மதுரைச் சுத்துப்பட்டுல கண் முகாம் போடுற ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு, டாக்டருங்களுக்கு, முக்கியமா கவுன்சிலிங் அக்காமாருக்கு வணக்கம்.

சண்டை போட எழுதல, கண்புரை ஆபரேஷன்ல லென்ஸ் உக்கார்ற பை கிழிஞ்சா அத எங்ககிட்ட சொல்லிருங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன். 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஊரு இது, புரை ஆபரேஷன்னா என்னன்னு எங்க அப்பத்தாமாருக்கே தெரியும். நாங்க போனது வேற ஆஸ்பத்திரி, பேரு வேணாம்.

மேலூர்ப் பக்கம், எங்க மாமனாருக்கு முத்திப்போன புரை. கூட வேன்ல வந்த பெருசுங்கல்லாம் கருப்புக் கண்ணாடி மாட்டிட்டு டீ குடிக்குதுங்க, இவர மட்டும் காணோம், ரொம்ப நேரங்கழிச்சுக் கூட்டியாந்து "லென்ஸ் அப்புறமா வைப்பாங்க, சொட்டு மருந்த விட்றாதீங்க"ன்னுட்டு அந்தக்கா அடுத்த ஆளப் பாக்கப் போயிருச்சு. சீட்டுல பி.சி.ஆர்.னு மூணே எழுத்து. வேற டாக்டர்ட்ட காட்டினப்பதான் வெளங்குச்சு, லென்ஸ் உக்கார்ற பையோட பின்பக்கம் கிழிஞ்சிருக்கு. தலைமுடிய விட எவ்வளவோ மெல்லிசாம் அது, கை தேர்ந்தவங்களுக்கே சில நேரம் கிழியுமாம். கிழிஞ்சா உள்ள இருக்க ஜெல்லு முன்னாடி வந்துரும், அத வெட்டி எடுத்துட்டு, மிச்ச விளிம்பு தாங்குனா அதுமேலயே லென்ஸ வைப்பாங்க, தாங்காதுன்னா இன்னொரு நாளு. ஆக நீங்க செஞ்சது சரிதான் சார், சொல்லாம விட்டதுதான் தப்பு.

ஏன்னா ஊருக்குள்ள "கண்ண நோண்டிவிட்டுட்டாய்ங்க"ன்னு பேச்சாகிருச்சு, மாமா இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. பை கிழிஞ்ச கண்ணுலதான் சீழ் பிடிக்கவும் விழித்திரை பிரியவும் வாய்ப்பு ஜாஸ்தி, அவருதான் செக்கப்புக்குத் தவறாம வரணும், ஆனா காரணமே தெரியாதவரு எப்படி வருவாரு? திடீர்னு வலிச்சா, பார்வை மங்குனா, கண்ணு முன்னாடி திரை விழுந்த மாதிரி இருந்தா அன்னைக்கே ஓடியாங்கன்னு தமிழ்ல நாலு வரி எழுதிக் குடுத்தா என்ன கொறஞ்சிரும்.

இன்னொண்ணு. மாமா ஒண்ணுக்கு சரியாப் போறதுக்கு டாம்சுலோசின் மாத்திரை போடுறாரு. அது போடுறவங்களுக்கு ஆபரேஷன்ல கண்ணு பாப்பா சரியா விரியாமப் போகலாம், அதச் சுத்தியிருக்க கலர் வளையம் (ஐரிஸ்) தொவண்டு ஆடலாம்னு 2005லயே டாக்டருங்க எழுதியாச்சு. மாத்திரைய நிறுத்துனாலும் முழுசாப் போகாதாம், ஆனா முன்னாடியே தெரிஞ்சா கொக்கி போட்டு விரிச்சு வச்சு செஞ்சிரலாம். இவருக்கு அதனாலதான் கிழிஞ்சுச்சுன்னு நான் சொல்லல, ஆனா யாரும் கேக்கவே இல்ல, கண்ணுக்கு வந்த எடத்துல ஒண்ணுக்கு மாத்திரையப் பத்தி எந்தப் பெருசு தானா வாயத் தொறக்கும்? முகாம் பாரத்துல சுகரு, பிரஷருன்னு கட்டம் போட்டிருக்கீங்கல்ல, அதுக்குக் கீழ இதுக்கும் ஒரு கட்டம் போட்டுருங்க, கேக்குறப்ப பொம்பளையாளுக இல்லாம ஒரு ஆம்பள ஸ்டாஃப விட்டுக் கேளுங்க.