கடலுக்குப் போறவங்க பிளக்கைக் கழட்டிப் பாக்கப் பழகணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் திருக்கடலூர்ல இருந்து எழுதுறன், சின்ன போட் ஒண்டும் ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினும் வச்சு தொழில் செய்யிற ஆள். போன மாசம் விடியப்புறம் உப்புவெளிக்கு நேரா வெளியில நிக்கக்குள்ள எஞ்சின் ரெண்டு தரம் இருமிப்போட்டு நிண்டு போச்சு, கூட வந்த மருமகன் கயித்தை இழு இழு எண்டு இழுக்கிறான், கை கொப்பளிச்சதுதான் மிச்சம். இழுக்க இழுக்க உள்ளுக்க பெற்றோல்தான் நிறையும், நிப்பாட்டு எண்டு சொல்லிப்போட்டு, பொறி அடிச்சு பெற்றோலைப் பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினன். கரி பிடிச்சு கறுத்துப்போய் நுனியில பெற்றோல் சொட்டுது. முதல் கிழமை கடையில "இதுவும் அதுதான் அண்ணே, ஒரே சைஸ்" எண்டு தந்த பிளக். புரி சரிதான், இலக்கம் வேற.

அந்த இலக்கத்துலதான் விசயம் இருக்கு, பிளக் சூட்டை எவ்வளவு கெதியா இறக்கும் எண்டதை அதுதான் சொல்லுது. பிளக் நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல சூடா இருந்தாத்தான் தன்ர கரியைத் தானே எரிச்சுக்கொள்ளும், 850ஐத் தாண்டிச்செண்டா நுனியே தணல் மாதிரி நிண்டு பொறி அடிக்க முதலே பெற்றோலைப் பத்த வைக்கும், பிஸ்டன்ல ஓட்டை விழுறது அப்பிடித்தான். உள்ளுக்க நடுக் கம்பியைச் சுத்தியிருக்கிற பீங்கான் மூக்கு நீளமா இருந்தா சூடு மெதுவா இறங்கும், கட்டையா இருந்தா கெதியா இறங்கும். என்.ஜி.கே. கம்பனி பிளக்குல இலக்கம் கூடக்கூட குளிர் பிளக், எண்டா சூட்டைக் கெதியா இறக்கிற பிளக், பொஷ் கம்பனி பிளக்குல அதுக்கு நேர்மாறு. இது தெரியாம இலக்கத்தை மாத்திக் குடுக்கிறது கடலுக்குப் போறவன்ர உயிரோட விளையாடுறதுதான், கோவத்துலதான் சொல்லுறன்.

எங்கட போட்டுல பற்றறியே இல்லை, பிறகு எங்கால பொறி வருது எண்டு மருமகன் கேட்டான். மேல சுத்துற பிளைவீல் எண்ட சக்கரத்துக்குள்ள காந்தம் இருக்கு, அது சுத்தச் சுத்த கரண்ட் வருது, கொயில் எண்ட கம்பிச் சுருள் அதை பத்தாயிரம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு ஏத்தி விடுது, அந்தக் கரண்ட் பிளக் நுனியில இருக்கிற ஒரு மில்லிமீட்டரும் வராத இடைவெளியைப் பாயக்குள்ளதான் பொறி. காந்தத்தால இப்பிடி பெரிய வோல்ட் எடுத்து பிளக்குக்குக் குடுக்கிற முறையை 1902லயே ஜெர்மனியில பொஷ் கம்பனியில கொண்டு வந்திட்டாங்க. பிஸ்டன் மேல வந்து முட்டுறதுக்குக் கொஞ்சம் முந்தி அடிக்கணும், எஞ்சின் நிமிசத்துக்கு 5000 சுத்து சுத்தினா ரெண்டு ஸ்ட்ரோக்குல சுத்துக்கு ஒரு பொறி எண்டபடியா ஒரு பிளக் செக்கனுக்கு எம்பது தரத்துக்கு மேல அடிக்குது, அவ்வளவு வேலை செய்யிற சாமானை ஸ்டார்ட் ஆகாட்டித்தான் நினைக்கிறம்.

கழட்டின பிளக்கின்ர நிறத்தைப் பாருங்க. பால் தேத்தண்ணி நிறம் எண்டா எஞ்சின் நல்லா இருக்கு. காஞ்ச கரி எண்டா பெற்றோல் கூடிப்போச்சு, இல்லாட்டி ஸ்டார்ட் பண்ண மட்டும் இழுக்கிற சோக்கை இழுத்தபடியே ஓடியிருக்கிறீங்க. வெள்ளை வெளேரெண்டு இருந்தா அப்பவே பயப்பிடுங்க, எஞ்சின் அளவுக்கு மிஞ்சி சூடாகுது, எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி சுத்துதா எண்டு முதல்ல பாருங்க. மண்ணெண்ணெய்ல ஓடுறவங்க நிப்பாட்ட முதல் கொஞ்ச நேரம் பெற்றோல்ல ஓடவிட்டு நிப்பாட்டினா அடுத்த நாள் பிளக் நனையாது. வெளிப்பக்க பீங்கான்ல உப்புப் படிஞ்சா கரண்ட் அதுக்கு மேலால ஓடி வீணாப் போகும், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில துடைங்க. கீழ விழுந்த பிளக்கை திரும்பப் போடாதீங்க, வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

அண்டைக்கு நான் பெற்றோல் வாற டியூப்பைக் கழட்டி, பொறி வராம இருக்க எஞ்சினை நிப்பாட்டுற கில் சுவிட்ச் கயித்தையும் எடுத்துப்போட்டு, பிளக் இல்லாம ஆறேழு தரம் இழுத்தன், உள்ளுக்க நிண்ட பெற்றோல் எல்லாம் புகையா வெளிய அடிச்சுது, பிறகு முந்திப் போட்டிருந்த பழைய பிளக்கைத் துடைச்சுப் போட்டன், ரெண்டாம் இழுப்புல பிடிச்சுது.

ஐயா, அரசியல் செய்திக்கு நடுவில கிழமைக்கு அரைப் பக்கம் இப்பிடி விசயத்துக்கு ஒதுக்கினீங்க எண்டா கரையில இருக்கிற பொடியள் வாசிப்பாங்கள். பிளக் விக்கிறவங்களும் பழைய பிளக்கை வாங்கி இலக்கத்தைப் பாத்துக் குடுங்க. என்ர போட்டுல இப்ப மூடி இறுக்கின ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள சரியான இலக்கத்துல ரெண்டு பிளக்கும் ஒரு துணியும், பக்கத்துல கயித்துல கட்டின பிளக் சாவியும் கிடக்கு.

இப்படிக்கு,
ஒரு கடற்தொழிலாளி,
திருக்கடலூர், திருகோணமலை.