ஜமேக்கா கொடியில் சிவப்பு ஏது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார அழகுக்குறிப்புப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் பின்னல் தொப்பி அணிந்த ஓர் இளைஞரின் படம் வந்திருந்தது. அதன் கீழே, "ஜமேக்கா கொடியின் நிறங்களில் கலக்கல் தொப்பி, குளிக்காத தலையை மறைக்க நல்ல வழி" என்று எழுதியிருந்தீர்கள். ஜமேக்கா கொடியில் இருப்பவை கறுப்பு, பச்சை, மஞ்சள். சிவப்பு மருந்துக்கும் கிடையாது. சிறுவர் பகுதியில் பொது அறிவுப் போட்டி நடத்துகிற சஞ்சிகைக்கு இது தெரியாமலா இருக்கும்?

அந்தச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எத்தியோப்பியாவின் நிறங்கள். 1930 நவம்பரில் ஹெய்லி செலாசி அங்கே பேரரசராக முடிசூடியபோது, ஜமேக்காவின் ஏழைக் கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர் அவரைத் தங்கள் மீட்பராகவே கண்டார்கள். ரஸ்தபாரி என்ற சமய வழி அப்படித்தான் பிறந்தது; அதைப் பின்பற்றுபவர்கள்தான் ரஸ்தாக்கள். சிவப்பைச் சிந்திய இரத்தம் என்றும், மஞ்சளை ஆப்பிரிக்காவின் செல்வம் என்றும், பச்சையை அதன் மண் என்றும் சொல்வார்கள்.

கொடியை விடுங்கள். 'குளிக்காத தலை' என்றீர்களே, அதுதான் நெஞ்சில் தைத்தது. ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் பல வருடங்கள் ஒரு ரஸ்தா பெரியவரோடு வேலை செய்தவள் நான். தலை கழுவிய நாட்களில், ஊழியர் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே குனிந்து நின்று, திரிதிரியாக வளர்ந்த முடியை ஒவ்வொரு சடையாகப் பிடித்துக் காய வைப்பார். ஈரம் தங்கினால் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடுமாம். வேர்வரை விரலால் அழுத்திப் பார்த்து, திருப்தியான பிறகுதான் சுருட்டித் தொப்பிக்குள் வைப்பார். அப்படியும் முடியை வெட்டச் சொல்லி மேற்பார்வையாளர் அவரை அரித்துக்கொண்டே இருந்தார். ஒரு முறை சூப்பில் முடி கிடந்தது. பொன்னிற முடி. அது யாருடையது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்தப் பெரியவருக்கு அது அலங்காரமில்லை. பைபிளில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் வருகிற நசரேய விரதம்; தலையில் சவரக் கத்தி படக் கூடாது. முடியை இழந்ததும் பலத்தை இழந்த சிம்சோனின் பைபிள் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சடையைச் சிங்கத்தின் பிடரி என்றும் கொள்வார்கள். எல்லா ரஸ்தாக்களும் ஒரே மாதிரி உடுப்பதுமில்லை. போபோ அஷாந்தி பிரிவினர் நீண்ட அங்கியும் இறுக்கிச் சுற்றிய தலைப்பாகையுமாக வருவார்கள். உங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் எங்கே இடம்? பாதிக்கு மேல் நகைக்கடை விளம்பரம்.

1963 ஏப்ரலில் மொன்ரேகோ பே பக்கத்தில் கோரல் கார்டன்ஸில் சிலர் செய்த வன்முறைக்காக, சம்பந்தமே இல்லாத ரஸ்தாக்களையும் பொலிஸார் பிடித்து அடித்துச் சடையை வெட்டினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். அடுத்த வருடமே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் சடையை வெட்டினால்தான் பள்ளியில் இடம் என்றார்கள். இது ரஸ்தாக்கள் பிறந்த ஜமேக்காவிலேயே!

தோற்றத்தை வைத்து ஆளை மட்டிடுவது எப்படிப்பட்டது என்று நமக்குமா சொல்ல வேண்டும்? 1983 ஆடியில் என் தாயார் பொட்டை அழித்துவிட்டுத்தான் கொழும்பு வீதியில் இறங்கினார். அந்த நினைவுகளை ஆண்டு தவறாமல் உருக்கமாக வெளியிடுவதும் இதே சஞ்சிகைதான். சிவராத்திரி மலரில் சடாமுடிக்கு முழுப்பக்க வண்ணப்படம். பக்கத்து வீட்டுச் சடைக்குக் 'குளிக்காத தலை'! உங்கள் நகைச்சுவைத் துணுக்குகளில் ரஸ்தா வந்தால் கையில் கஞ்சாவோடு மட்டுமே வருகிறார். சீக்கியர் தலைப்பாகை பற்றிய துணுக்கு ஒன்றைக் கண்டித்து முன்பு எழுதினேன். அந்தக் கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, 'துணுக்கை ரசித்தேன்' என்ற வேறொருவர் கடிதத்துக்குக் கீழே போட்டீர்கள். நன்றி.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அந்தத் தொப்பியின் நிறங்கள் எத்தியோப்பியாவுடையவை என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலாவது 'குளிக்காத' என்பதை எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தையும் நறுக்குவதென்றால், தயவுசெய்து பிரசுரிக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தா கட்டி வாசிக்கும் ஒரு வாசகி,
ஸ்காபரோ