மூன்று கிலோ வேட்டை நாய்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் என் முழங்கால், மீதி எங்கள் வீட்டு யார்க்ஷயர் டெரியர் நாய் கடுகு. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய், சந்தோஷம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் சுற்றுகிறாய் என்று உன் மருமகள் போனில் சொன்னாள். அதற்கு நேரில் வந்து திட்டுகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சென்னைப் பேத்தி யார்க்ஷயர் டெரியர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், போட்டோவைப் பார்த்தால் ரிப்பன் கட்டிய தலைமுடி மட்டும் தெரிகிறது, இதெல்லாம் ஒரு நாயா என்று கேட்டிருக்கிறாய். ராஜபாளையம் நாய் வளர்த்த வீட்டில் பிறந்தவன் வேறு எப்படிக் கேட்பாய்? உன் அப்பாவின் வெள்ளை நாய் பின்னங்காலில் நின்றால் நம் தோளில் கை போடும். 2005-இல் தபால் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு அஞ்சல்தலை போட்டபோது, அதில் நம் ஊர் நாயும் இருக்கிறது என்று அந்தத் தலையையே ஒட்டி எனக்குக் கடிதம் எழுதியவன் நீ. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் உன் கட்சிதான்.

கடுகை வாங்கி வந்தவன் என் மகன். ஊருக்கு வெளியே ஒருவரிடம் வாங்கினான். 'டீகப்' ரகம், டம்ளருக்குள் உட்காரும், இதற்கு மேல் வளராது என்று சொல்லி விற்றிருக்கிறார். அப்படி ஒரு ரகமே கிடையாது, மாரி. குறைந்த எடையோடு பிறந்த குட்டியையும், தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டியையும் அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு மாதக் குட்டி என்றார் விற்றவர். பல்லைப் பார்த்த டாக்டர், ஆறு வாரம் இருந்தாலே அதிகம் என்றார். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் எடைதான் இருந்தாள்.

வந்த மூன்றாம் நாள் விடியற்காலை பால் காய்ச்ச எழுந்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வர வேண்டியவள் கூடைக்குள் துவண்டு கிடந்தாள். தூக்கினால் தலை தொங்குகிறது, ஈறு வெளுத்திருக்கிறது. மகன் டாக்டருக்குப் போன் போட்டான். அவர் கேட்ட முதல் கேள்வி, 'ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள்?' ஒன்பது மணிக்கு. அவ்வளவு சின்ன உடம்பில் சர்க்கரை சேமித்து வைக்க இடம் ஏது? சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமாம். தேனை விரலில் தொட்டு ஈறில் தடவச் சொன்னார். வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். தடவிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், நாக்கு என் விரலைத் தேடியது. அதற்கப்புறம் நான்கு மாதம் முடியும் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சோறு, ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து ஊட்டினோம். பெற்ற பிள்ளைக்கு இந்த அக்கறை காட்டவில்லை என்றாள் என் மனைவி. உண்மைதான்.

பெயரும் அவள் வைத்ததுதான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, அது. எங்கள் தளத்துக் குழந்தைகளுக்கு அவள் இன்னும் 'நாயி மரி'தான். கன்னடத்தில் நாய்க்குட்டியை அப்படித்தான் சொல்வார்கள். மூன்று வயதாகியும் குட்டிப் பட்டம் போகவில்லை.

இந்த ஜாதியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. நம் அப்பாக்களைப் போன்ற மில் தொழிலாளிகள் வளர்த்த நாய்டா இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பிழைப்புத் தேடி யார்க்ஷயர், லங்காஷயர் மில்களுக்கு வந்தார்கள். கூடவே தங்கள் சின்ன டெரியர்களையும் கூட்டி வந்தார்கள். எலி பிடிப்பதுதான் அவற்றின் வேலை. டெரியர் என்ற சொல்லே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து இரையைத் துரத்தும் சாதி. 1865-இல் பிறந்த ஹட்டர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்கிறார்கள். ஆறு வயதில் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதற்குள் கண்காட்சிகளில் பரிசும் வாங்கி, எலி கொல்லும் போட்டிகளிலும் ஜெயித்திருந்தது. இவ்வளவு நீள முடியைத் தறியில்தான் நெய்திருப்பார்கள் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்வார்களாம். ரிப்பனெல்லாம் பிற்பாடு பணக்காரச் சீமாட்டிகள் மடியில் ஏறியபோது வந்த அலங்காரம்.

எங்கள் வீட்டிலும் அந்த அலங்காரத்தை நம்பித்தான் இருந்தோம், போன ஆவணி வரைக்கும்.

அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்குக் கடைசி முறையாக அவளைக் கீழே கூட்டிப் போனேன். கார் பார்க்கிங்கில், கரண்ட் மீட்டர் ரூமுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றாள். ஒரு முன்னங்கால் அந்தரத்தில். காது இரண்டும் மீட்டர் ரூம் கதவடி இடுக்கைப் பார்த்து. குரைக்கவில்லை, அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. வீட்டில் காலிங் பெல்லுக்குக்கூட ஊரைக் கூட்டுகிறவள். ஒரு எலி சுவரோரமாக ஓடியது. கயிறு என் கையை விட்டுப் போனதே தெரியவில்லை. கழுத்தில் கவ்வி இரண்டே உதறு. கீழே வைத்தாள். மூக்கால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். அப்புறம் அதன் மேல் அவளுக்கு ஒரு ஆர்வமும் இல்லை, என்னைப் பார்த்து 'போகலாமா' என்பது போல் நின்றாள். தலையில் மனைவி கட்டிய மஞ்சள் ரிப்பன் கலையவே இல்லை, மாரி!

நான் பெருமையாக மேலே வந்து சொன்னால் வீட்டில் ஒரே களேபரம். காலையில் டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு கேள்வி கேட்டார். லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி இந்த வருஷம் போட்டாயிற்றா? எலியின் மூத்திரம் வழியாகப் பரவும் நோய் அது, நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நல்லவேளை, போட்டிருந்தோம். இரண்டாவது கேள்வி, அடுக்ககத்தில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா? விசாரித்தால் அசோசியேஷன் முந்தின வாரம்தான் மூலைக்கு மூலை வைத்திருக்கிறது, ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. நாய் தின்றாலும் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, அதற்கப்புறம்தான் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பிக்கும். அதனால் இரண்டு நாள் விட்டு ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தார். சரியாக இருந்தது. அந்த இரண்டு நாளும் மனைவி மணிக்கொரு தரம் அவள் உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அசோசியேஷன் செயலாளரிடம் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

அன்றிலிருந்துதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. மடியிலேயே வைத்துக் கொஞ்சினோம், அவள் வீட்டையே அதிகாரம் செய்தாள். யாராவது வந்தால் குரைப்பாள், நாங்கள் தூக்கி வைத்துக்கொள்வோம். குரைத்தால் உயரம் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டாள். உன் அப்பா அவருடைய நாயைக் குரைத்ததற்காகத் தூக்கி முத்தமா கொடுத்தார்? இப்போது பெல் அடித்தால் அவள் தன் பாயில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. ஆறு வாரம் பிடித்தது. பழைய துணிக்குள் தீனியைச் சுருட்டி ஒளித்து வைப்பேன், அரை மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடுவாள். காலையில் அல்சூர் ஏரியோரம் திருவள்ளுவர் சிலை வரைக்கும் நடக்கிறோம். மூக்குக்கும் காலுக்கும் வேலை கொடுத்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேசுகிறார்.

ஆனால் உடம்பு என்னவோ மூன்று கிலோதான். அங்கேதான் நம் ஊர் நாயின் பழக்கம் உதவாது. முதலில் மணி கட்டிய பட்டை வாங்கிக் கழுத்தில் போட்டேன். கயிற்றை இழுத்தால் வாத்து கத்துவது போல ஒரு இருமல். இந்த ஜாதிக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் சீக்கிரம் தளர்ந்துபோகுமாம். பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடச் சொன்னார் டாக்டர். சோபாவிலிருந்து குதித்தால் முழங்கால் சில்லு நழுவும், நடக்கும்போது திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி ஆடினால் அதுதான் அடையாளம். பூஜை அறை மணைப்பலகை ஒன்றைப் படியாகப் போட்டிருக்கிறேன். எனக்கும் முழங்கால், அவளுக்கும் முழங்கால்.

பல் இன்னொரு தொல்லை. ஆறு மாதத்தில் வாயைத் திறந்து பார்த்தால் பால் கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுக் கோரைப்பல் முளைத்து நிற்கிறது. கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபோதே அதையும் பிடுங்கிவிட்டார்கள். தினமும் பல் தேய்க்கிறோம், நாய்க்கென்று விற்கிற பேஸ்ட்டில். நம் பேஸ்ட் ஆகாது.

சாப்பாட்டில்தான் உன் வீட்டை நினைத்துப் பயப்படுகிறேன், நீங்கள் பாசத்தைத் தட்டில் காட்டுகிறவர்கள். இவளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். நமக்கு ஒரு இட்லி கொசுறு, அவளுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி. சாம்பார் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் போடும் சைலிட்டால் இவ்வளவு சின்ன உடம்புக்கு எமன். கோழி, சோறு, பூசணி, கேரட், கூடவே டாக்டர் சொன்ன நாய்த் தீனி, அவ்வளவுதான்.

முடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதிகம் கொட்டாது, மனிதர் முடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். பிறக்கும்போது கறுப்பும் பழுப்பும். வளர வளர முதுகு எஃகு நீலமாகவும் முகம் பொன்னிறமாகவும் மாறியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று என் மகன் சண்டைக்குக் கிளம்பிவிட்டான்! ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவாவிட்டால் காதுக்குப் பின்னால் சிக்கு விழும். சென்னை வெயிலுக்குக் குட்டையாக வெட்டிவிடுங்கள், சீமாட்டி அழகெல்லாம் வேண்டாம். காலை ஆறு மணிக்கு முன்னால் நடை முடிந்துவிட வேண்டும். எங்களுக்குத் தொல்லை மார்கழியில். மேல் முடிக்கு அடியில் இன்னொரு அடுக்கு முடி கிடையாது என்பதால் 15 டிகிரிக்கே நடுங்குகிறாள், ஸ்வெட்டர் போடுகிறோம். நடந்து வந்ததும் விரல் இடுக்கு, காது மடிப்பில் உண்ணி பார். உண்ணிக் காய்ச்சல் நாட்டு நாயையே சாய்க்கும்.

கையளவு நாய் என்னத்துக்கு உதவும் என்று கேட்டாயே, ஸ்மோக்கியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். 1944-இல் நியூ கினிக் காட்டில் ஒரு பதுங்கு குழியில் கிடைத்த யார்க்ஷயர் டெரியர். பில் வின் என்ற அமெரிக்கப் படைவீரர் வளர்த்தார். இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸில் விமான ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி கொண்டுபோக வேண்டியிருந்தது. தோண்டினால் நாள் கணக்காகும், மேலே விமானங்களுக்கும் ஆபத்து. 70 அடி நீளக் குழாய், எட்டு அங்குல அகலம், உள்ளே பாதி மண். கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டிவிட்டு மறுமுனையிலிருந்து வின் கூப்பிட்டார். போய்ச் சேர்ந்தாள்.

அதனால் பேத்திக்கு வாங்குவதென்றால் தாராளமாக வாங்கு, ஆனால் முதலில் மூன்று கேள்வி. குட்டியின் தாயை நேரில் காட்டுவார்களா? எட்டு வாரம் தாயோடு விட்டிருக்கிறார்களா, பத்து வாரம் என்றால் இன்னும் நல்லது. மூன்றாவது உன் மகனுக்கு. இந்த நாய் 13 முதல் 16 வருஷம் இருக்கும். பேத்திக்கு ஒன்பது வயது. அவள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன பிறகு ராத்திரி பத்தரைக்கு யார் கீழே கூட்டிப் போவது? இதற்கு உன் மருமகள் பதில் சொல்ல ஆரம்பித்தால், வாங்காதே.

அதற்கு முன்னால் அரையாண்டு லீவில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. நான்கு நாள் அவளே கடுகுக்குச் சீவட்டும், பல் தேய்க்கட்டும், மலம் அள்ளட்டும். ஆசை எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். அப்புறம், உன் வீட்டுக்கு வந்திருக்கும் புது ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று சோதித்தாயா? வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று உன் அப்பாதான் சொல்லுவார். குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து எழுது.

இதை எழுதும்போது மேஜைக்கு அடியில் என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். கால் நான்கும் ஓடுகின்றன, கனவில் எந்த எலியோ.

வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ. அவள் பார்க்காதபோது என் கையில் கொடு, டாக்டர் எனக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்