மல்லிக்கு, பாலாடாவிலிருந்து

மல்லி,

எப்படி இருக்க? அத்தைக்கு மூட்டு வலி தேவலையா? இங்க அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து விடறது, கண்ணாடி மாத்தறதுன்னு அதுலயே நாள் ஓடிருச்சு, அதான் பதில் போட லேட். சின்னவன் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல செட் ஆயிட்டான், நாமளா கூப்பிட்டாதான் பேசறான். இந்த வருஷம் பனி ஜாஸ்தி, காலைல தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கு, தேயிலை கருகிருமோன்னு எல்லாருக்கும் கவலை.

சரி, உன் கேள்விக்கு வரேன். நாமளே பிரபஞ்சத்துக்குள்ள ஒரு மூலைல உக்காந்திருக்கோம், வெளிய போய் நின்னு போட்டோ எடுக்க வழியில்ல, அப்புறம் எப்படி கேலக்ஸி எல்லாம் வலை வலையா இருக்குன்னு படம் போடறாங்க, பாதி கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே, அத எப்படி நம்பறதுன்னு கேட்டிருந்த. ரொம்ப சரியான கேள்விடி. பிளஸ் டூ பசங்க இத கேக்க மாட்டாங்களான்னு நான் வருஷா வருஷம் காத்துகிட்டு இருப்பேன்.

அது போட்டோ இல்ல, மொதல்ல அத தெளிவா வச்சுக்கோ. அது ஒரு மேப். ஒரு கேலக்ஸி வானத்துல எந்த திசைல இருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிடும், எவ்வளவு தூரத்துல இருக்குங்கறதுதான் கஷ்டம். அதுக்கு அதோட வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சு பாக்கறாங்க. அதுல கால்சியம், ஹைட்ரஜன் இதுக்கெல்லாம் உரிய கோடுங்க இருக்கும், எந்த எடத்துல இருக்கணும்னு லேப்லயே அளந்து வச்சிருக்கோம், ஆனா தூரத்து கேலக்ஸில அந்த கோடுங்க சிவப்பு பக்கம் நகர்ந்து நிக்கும், இதுக்குதான் ரெட்ஷிஃப்ட்னு பேரு. எவ்வளவு நகர்ந்திருக்கோ அவ்வளவு வேகமா விலகிப் போகுதுன்னு அர்த்தம், வேகம் அதிகமா இருந்தா தூரமும் அதிகம்னு ஹபிள் 1929லயே காட்டிட்டார். ஆக திசை கண்ணால கெடைக்குது, தூரம் தியரி வழியா கெடைக்குது. மேப்ல ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதே ரெண்டும் கலந்துதான் இருக்கு, பாதி நெஜம் பாதி கற்பனைன்னு நடுவுல கோடு கிழிக்கவே முடியாது.

1986ல வலேரி டி லாப்பராங், மார்கரெட் கெல்லர், ஜான் ஹூக்ரா மூணு பேரும் வானத்துல ஒரு மெல்லிசான துண்ட மட்டும் எடுத்து சுமார் 1,100 கேலக்ஸிக்கு இந்த மாதிரி தூரம் போட்டு வரைஞ்சாங்க. வரைஞ்சு பாத்தா கேலக்ஸிங்க எல்லாம் பெரிய பெரிய காலி எடங்கள சுத்தி சுவர் சுவரா நிக்குது, உள்ள ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. இவ்வளவு தெளிவா இப்படி இருக்கும்னு அதுக்கு முன்னாடி யாரும் எதிர்பாக்கல.

இந்த வருஷம் நான் அதே துண்ட பசங்கள வச்சு வரைய வச்சேன். ஸ்லோன் சர்வேன்னு வானத்த அளந்து மேப் போடற பெரிய திட்டம் இருக்கு, அதோட டேட்டா ஃப்ரீயாதான் கெடைக்குது, கம்ப்யூட்டர்ல ஒரு கிளிக்ல வந்துடும், ஆனா நான் நம்பர் லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்து, கிராஃப் ஷீட்ட ஒட்டி பெருசாக்கி, பென்சில்லயே புள்ளி வைக்க சொன்னேன், கையால வச்சாதான் கண்ணுல ஏறும். கேரட் தோட்டத்துல வேலை பாக்கறவங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி, கிளாஸ்ல அதிகம் பேச மாட்டா, புள்ளி வச்சுகிட்டே வந்தவ திடீர்னு ஸ்கேல எடுத்து ஷீட்டு மேல வச்சு பாத்துட்டு கேட்டா, "மிஸ், கூட்டமா இருக்கற எடமெல்லாம் ஏன் நீளமா இருக்கு, அதுவும் எல்லாமே நம்ம இருக்கற பக்கம் பாத்துதான் நீட்டிகிட்டு இருக்கு?" எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு மல்லி. பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து யோசிச்ச விஷயம் அது, 'கடவுளின் விரல்கள்'னு அதுக்கு பேரே வச்சிருக்காங்க.

பிரபஞ்சத்துல நாம ஒண்ணும் நடுநாயகம் கெடையாது, அதனால எல்லா கொத்தும் நம்மளப் பாத்து திரும்பி நிக்க காரணமே இல்ல. ஒரு படம் நம்மள காட்டி நீளுதுன்னா, கோளாறு நாம தூரம் போட்ட விதத்துலதான் இருக்கணும். கோமான்னு ஒரு கேலக்ஸி கொத்த எடுத்துக்கோ, சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரம். உள்ள இருக்கற கேலக்ஸிங்க அவங்க அவங்க பாட்டுக்கு செகண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் கணக்குல அங்கயும் இங்கயும் ஓடிகிட்டு இருக்கு. நம்ம பக்கம் ஓடி வரதோட ரெட்ஷிஃப்ட் கொறைஞ்சு தெரியும், கிட்ட இருக்குன்னு புள்ளி வச்சிடுவோம், அந்தப் பக்கம் ஓடறத ரொம்ப தூரம் தள்ளி வச்சிடுவோம். நெஜத்துல ஒரு கோடி ரெண்டு கோடி ஒளியாண்டு அகலம் இருக்கற கொத்து மேப்ல பத்து கோடி ஒளியாண்டுக்கு மேல நீண்டு போயிடுது.

இத தப்புன்னு சொல்லி அழிச்சிட்டு போயிடலாம். போகல பாரு, அங்கதான் இந்த துறையோட அழகே இருக்கு. அவ்வளவு வேகமா ஓடற கேலக்ஸிங்க ஏன் சிதறிப் போகாம ஒண்ணா இருக்குங்க, அத இழுத்து பிடிக்க எவ்வளவு எடை வேணும்னு திருப்பி கணக்கு போட்டா, கண்ணுக்கு தெரியற நட்சத்திரமெல்லாம் சேத்தாலும் பத்தவே பத்தாது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933லயே இதே கோமா கொத்த வச்சு இத சொன்னாரு, கண்ணுக்கு தெரியாம எடை மட்டும் காட்டற டார்க் மேட்டரோட கதை அங்கதான் ஆரம்பிச்சுது. அப்புறம் 1987ல நிக் கைசர்னு ஒருத்தர் பெரிய அளவுல இதுக்கு நேர் எதிரா நடக்கும்னு காட்டினாரு, அதாவது கேலக்ஸிங்க கூட்டம் கூட்டமா ஒரு சுவர் பக்கம் விழுந்துகிட்டு இருந்தா அந்த சுவர் மேப்ல நசுங்கி தட்டையா தெரியும், எவ்வளவு நசுங்கி இருக்குன்னு அளந்தா ஈர்ப்பு விசை எவ்வளவு வேகமா இந்த வலைய கட்டுதுன்னு சொல்லிடலாம். மேப்ல இருக்கற கோணலே அளவுகோல் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுகிட்ட இத சொன்னேன், அப்ப ஸ்விக்கி கணக்க நாமளே போட்டு பாக்கலாமான்னு கேட்டா, அடுத்த வாரம் போட்டோம்.

காலேஜ் படிக்கும்போது கோத்தகிரி ரோட்டுல கடைசி பஸ்ல எறங்குவோமே, கீழ மேட்டுப்பாளையம் பக்கம் லைட்டு தெரியும், ஞாபகம் இருக்கா? ரோடு கண்ணுக்கு தெரியாது, லைட்டுங்க மட்டும் வரிசையா போகும், ரெண்டு மூணு வரிசை சேர்ற எடத்துல கொத்தா இருக்கும், அத வச்சே ரோடு எங்க போகுது, ஊர் எங்க இருக்குன்னு சொல்லிடுவோம். கேலக்ஸி மேப்ப நான் அப்படித்தான் படிக்கறேன், தெரியற லைட்டுக்கு அடியில தெரியாத டார்க் மேட்டர் ஓடுது.

இப்ப நீ கம்ப்யூட்டர் படம்னு சந்தேகப்பட்டியே, அதுக்கு வரேன். கம்ப்யூட்டர்ல வரையறது நமக்கு புடிச்ச மாதிரி வரையறது இல்ல. ஒரு தியரிய எடுத்து, ஆரம்பத்துல இருந்த சின்ன ஏத்த இறக்கத்த போட்டு, ஈர்ப்பு விசைய விட்டு ஓட விடறாங்க, என்ன வருதோ அத மேப்போட வச்சு பாக்கறாங்க, ஒத்து வரலன்னா தியரி காலி. நெஜமாவே காலி ஆயிருக்கு. 1980கள்ல டார்க் மேட்டர் நியூட்ரினோவா இருக்கலாம்னு பலமா ஒரு கருத்து இருந்துச்சு. வேகமா பறக்கற துகள்ங்கறதால அது சின்ன சின்ன ஏத்த இறக்கத்த எல்லாம் அழிச்சிடும், பெரிய கட்டி கட்டியாதான் உருவாகும். சைமன் வைட், கார்லோஸ் ஃப்ரெங்க், மார்க் டேவிஸ் மூணு பேரும் 1983ல கம்ப்யூட்டர்ல ஓட்டி பாத்தா நெஜ வானத்தோட ஒத்தே வரல, அளவுக்கு மீறி கட்டியா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மெதுவா நகர்ற டார்க் மேட்டர் பக்கம் எல்லாரும் வந்தாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது சத்தத்தோட கதைதான். பிரபஞ்சம் பொறந்து முதல் 3,80,000 வருஷம் எல்லாம் கொதிக்கற பிளாஸ்மாவா இருந்தப்போ அதுக்குள்ள ஒலி அலை ஓடிச்சு, ஒளியோட வேகத்துல பாதிக்கு மேல. அப்புறம் சூடு கொறைஞ்சு ஒளி தனியா பிரிஞ்சதும் அந்த அலை நின்ன எடத்துலயே நின்னு போச்சு, பிரபஞ்சம் விரிய விரிய அந்த வட்டமும் விரிஞ்சு இன்னிக்கு சுமார் 49 கோடி ஒளியாண்டு ஆரமா இருக்கணும். இந்த ஒலி அலை விஷயத்த பீபிள்ஸும் யூவும் ஒரு பக்கம், சுன்யாயேவும் ஸெல்டோவிச்சும் இன்னொரு பக்கம் 1970லயே தாள்ல கணக்கு போட்டு சொன்னாங்க. பாக்கறதுக்கு அப்ப வழியே கெடையாது. 35 வருஷம் கழிச்சு, 2005ல, ஸ்லோன் சர்வேல 46,748 சிவப்பு கேலக்ஸிய எடுத்து ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு கணக்கு பாத்தா, சரியா அந்த தூரத்துல ஜோடிங்க கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சு. அதே வருஷம் ஆஸ்திரேலியா டெலஸ்கோப்புல எடுத்த இன்னொரு சர்வேலயும் தனியா வந்துச்சு. கொஞ்சம்தான் ஜாஸ்தி, ஆனா சொன்ன எடத்துல இருந்துச்சு. நம்பறதுன்னா இதுக்கு மேல என்னடி வேணும்?

நம்ம ஊருக்கும் இதுல பங்கு இருக்கு. ஊட்டி பக்கம் முத்தோரை சரிவுல நிக்குதே ரேடியோ டெலஸ்கோப், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், சின்ன வயசுல பஸ்ல போகும்போது பாத்து ஏதோ வேலி போட்டிருக்காங்கன்னு நெனைப்பியே, அதேதான். கோவிந்த் ஸ்வரூப் தலைமைல 1970ல கட்டி முடிச்சாங்க. ஊட்டி அட்சரேகை 11 டிகிரி சொச்சம், அந்த மலைச்சரிவும் வடக்கு தெற்கா 11 டிகிரி, அதனால டெலஸ்கோப்போட நீள அச்சு பூமியோட அச்சுக்கு இணையா வந்துடுது, ஒரே அச்சுல திருப்பினா போதும், வானத்துலேந்து ரேடியோ அலை அனுப்பற ஒரு பொருள, அதாவது ஒரு ரேடியோ மூலத்த, ஒன்பதரை மணி நேரம் விடாம தொடரலாம். கிட்ட போய் பாத்தா தகடே கெடையாது, மெல்லிசான எவர்சில்வர் கம்பி, ஆயிரத்து நூறு கம்பி, இந்த முனைலேந்து அந்த முனை வரைக்கும், காலைல மூடுபனி இருந்தா கம்பி முழுக்க தண்ணி கோத்து நிக்கும். ரேடியோ மூலத்த நிலா மறைக்கும்போது சிக்னல் எப்படி கொறையுதுன்னு பாத்து அதோட அளவ கண்டுபுடிச்சாங்க, நிலா செகண்டுக்கு சுமார் அரை ஆர்க்செகண்டுதான் (ஒரு டிகிரிய 3,600 பங்கு போட்டா ஒரு பங்குதான் ஆர்க்செகண்டு) நகருது, அதனால அவ்வளவு நுணுக்கமா அளக்க முடிஞ்சுது. அப்படி அளந்ததுல மங்கலா தெரியற மூலங்க, அதாவது ரொம்ப தூரத்துல, ரொம்ப பழைய காலத்துல இருக்கறதுங்க, அளவுல எப்படி சிறுத்துகிட்டே போகுதுன்னு விஜய் கபாஹியும் ஸ்வரூப்பும் 1975ல எழுதினாங்க. பிரபஞ்சம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருந்துச்சுன்னு சொன்ன ஹாய்ல் தியரியோட அது ஒத்து வரல. 1965ல நுண்ணலை பின்னணி, அதாவது பிரபஞ்சத்தோட சூடான ஆரம்ப காலத்துலேந்து மிச்சமா வர ஒளி, கெடைச்சப்பவே அந்த தியரி ஆட்டம் கண்டுடுச்சு, ஆனா நம்ம உருளைக்கிழங்கு தோட்டத்து நடுவுலேந்து தனியா ஒரு சாட்சி போச்சு.

அதே டெலஸ்கோப் 326.5 மெகாஹெர்ட்ஸ்ல கேக்குது. ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர்ல விடற சிக்னல் பிரபஞ்சம் விரிஞ்சு 92 சென்டிமீட்டரா நீண்டா இந்த அலைவரிசைல வந்து விழும், அது 1,100 கோடி வருஷத்துக்கும் முன்னாடி கெளம்பினது. அந்த ஹைட்ரஜன் எங்க கூட்டமா இருக்கு, எங்க கொறைவா இருக்குன்னு அளக்கணும்னுதான் இத மேம்படுத்த திட்டம் போட்டு வேலை செஞ்சாங்க. அது அளந்தா அந்த வயசு பிரபஞ்சத்தோட வலைய முத்தோரைலேந்தே பாக்கலாம்.

இப்ப சூடா பேசறது அரிசோனால டெலஸ்கோப்புல மாட்டி கேலக்ஸி மேப் போடற டெசிங்கற (DESI) கருவியதான். 5,000 ஆப்டிகல் ஃபைபர், ஒவ்வொண்ணையும் ஒரு குட்டி ரோபோ திருப்பி ஒவ்வொரு கேலக்ஸி மேல வைக்குது. நான் சொன்ன அந்த 49 கோடி ஒளியாண்டு வட்டத்த ஒவ்வொரு காலத்துலயும் அளந்து பிரபஞ்சம் எப்படி விரிஞ்சுதுன்னு பாக்கறாங்க. 2024லயும் 2025லயும் வந்த ரிசல்ட்ல பிரபஞ்சத்த வேகமா விரிய வைக்கற டார்க் எனர்ஜி காலப்போக்குல கொறையற மாதிரி தெரியுது. 2025 ரிசல்ட்ட மத்த டேட்டாவோட சேத்தா, இது தற்செயல் இல்லன்னு எவ்வளவு உறுதியா சொல்லலாம்ங்கற அளவு 2.8லேந்து 4.2 சிக்மா வரைக்கும் வருது, அடிச்சு சொல்ல 5 வேணும்பாங்க. எனக்கு அது நெஜமா மாறுதுன்னு வரணும்னு ஆசை, இத்தன வருஷம் பாடம் நடத்தினத மாத்தி நடத்தணும்னாலும் சந்தோஷமா நடத்துவேன். ஆனா ஆசைப்பட்டா ஆச்சா, டேட்டா சொல்லணும்.

உன் தங்கச்சி பொண்ணுக்கு இதுல ஆர்வம்னு எழுதியிருந்த. அவள ஸ்லோன் சைட்டுல போய் வானத்துல கிழக்கு மேற்கா எடம் சொல்ற ஆர்.ஏ. 8 மணிலேந்து 17 மணி வரைக்கும், வடக்கு தெற்கா எடம் சொல்ற டெக்ளினேஷன் 26.5லேந்து 32.5 டிகிரி வரைக்கும் எடுக்க சொல்லு, 1986ல எடுத்தது அதே துண்டுதான். ரெட்ஷிஃப்ட் 0.05க்கு மேல போக வேணாம், கை வலிக்கும். விரல நீங்க யாரும் சொல்லிடாதீங்க, அவளே கண்டுபுடிக்கட்டும். ஏப்ரல்ல ரெண்டு பேரும் வரதா இருந்தா இ-பாஸ் முன்னாடியே எடுத்துக்கோங்க, சீசன்ல கல்லார்லயே வண்டி நிக்குது. கிராஃப் ஷீட்டு நான் வாங்கி வைக்கறேன்.

உன்
சரசு